‘லார்ட்’ என்று வந்தால் ஞானப்பாட்டு

எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவர் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். வலது கை தொடையில் தட்டும். நாலு வரி தாண்டாது. மூடிய கண்ணைத் திறந்து, "சினிமா" என்பார். அத்தோடு அந்தப் பாட்டின் கதை முடிந்தது.

ஹூஸ்டனில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்துக்கு அவர்தான் பாட்டுத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கீபோர்டு அவருடையது, ஆகவே தலைமையும் அவருடையது. எங்களில் பாதிப் பேர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் என்பதால் அவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய்களுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர். எந்தக் குழாயில் எது போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையைத்தான் பார்த்தார், சம்பளம் இல்லாமல்.

நானும் என் வீட்டுக்காரரும் தொண்ணூற்றிரண்டில் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். முதல் ஒரு மாதம் எங்கள் சோறு வெந்தது அவர் இரவல் கொடுத்த குக்கரில். இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி உறுத்தும், சொல்லிவிட்டேன். இனி அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த முதல் கார் பயணத்திலேயே ஒரு பாடம் நடந்தது. ரேடியோவில் ஒருவன் மூக்கால் பாடிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு கிடார் அழுகிற மாதிரி இழுத்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணாச்சி படக்கென்று நிறுத்தினார்.

"கன்ட்ரி மியூசிக்மா. இந்த ஊர்ல திரும்பின பக்கமெல்லாம் இதான். கன்ட்ரின்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்?"

"நாடு..." என்றேன்.

"சாராயம்! கன்ட்ரி சரக்குன்னு சொல்லுவானுவல்லா? அதே கன்ட்ரிதான். குடிகாரன் பாட்டு. காதுல வாங்காதீய."

சிரிப்புக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, மனிதர் அதை மனதார நம்பினார்.

எங்கள் ஐக்கியம் ஒரு வெள்ளைக்காரர் சர்ச்சின் பின்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குக் கூடும். நாகர்கோவில் பெண் ஒருத்தி கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தாள். "சினிமா." ஒரு டாக்டர் தன் மகளுக்குத் தாலாட்டு மெட்டில் ஒன்று சொல்லிக்கொடுத்தார். "சினிமா." ஒருமுறை ஒரு பெரியவர் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாட, அதற்கும் ஒரு கண் மூடி, "சினிமா" என்று தீர்ப்பு வந்தது. பெரியவர் கீர்த்தனைப் புத்தகத்தையே விரித்துக் காட்டினார். நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு. ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வான்? சிரித்து மழுப்புவான், மன்னிப்புக் கேட்பான். இவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "புத்தகத்துக்குள்ளயும் நுழைஞ்சிட்டானுவளா!" என்றார்.

அவருக்கு மெட்டு என்றால் சாதி மாதிரி. எங்கே பிறந்தது என்று பார்ப்பார். நல்ல இடத்தில் பிறந்திருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. நல்ல இடம் எது என்பதற்கு அவரிடம் ஒரே அளவுகோல்தான்: வெள்ளைக்காரன் சர்ச்.

அவரே ‘இயற்றிய’ பாட்டு ஒன்று உண்டு. எங்கள் ஐக்கியத்தில் சாவு, வாழ்வு, ஆண்டுவிழா எதற்கும் அதுதான் பாட்டு. ‘தேவா, வெறும் பாத்திரம் நான். தேவா, வந்து நிரப்பும்’ என்று போகும். அது பிறந்த கதையை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சாட்சியாகச் சொல்வார்.

"ஒருநாள் சீக்கிரமே வந்துட்டேன். கூடத்துல ஒரு வெள்ளைக்காரத் தாத்தா மாப் போட்டுத் தரையைத் துடைக்காரு. துடைச்சுக்கிட்டே பாடுதாரு. வரிக்கு வரி லார்ட், லார்ட். எனக்கு அப்படியே புல்லரிச்சுட்டு. தரை துடைக்கிறவன்கூட இந்த ஊர்ல ஜெபம் பண்ணிட்டேதான்யா துடைக்கான்! மெட்டை அப்படியே பிடிச்சிட்டேன். ‘எம்ப்டி’ன்னு ஒரு வார்த்தை வந்தது. வெறும் பாத்திரம்! மிச்சத்தை ஆவியானவர் கொடுத்தாரு."

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வார்டில் கிழக்கு டெக்சாஸ் கிழவர்களும் கிழவிகளும் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஊசி குத்தினால் லார்ட் என்பார்கள். காப்பி ஆறிப்போனால் லார்ட். மகன் பார்க்க வரவில்லை என்றால் ஒரு நீண்ட லார்ட். நாம் ‘ஐயோ’ என்பதில்லையா, அதுதான். அவர்கள் பேச்சு பிடிபட வேண்டும் என்று அண்ணாச்சி காதில் வாங்காதே என்ற அதே ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் ஃப்ரீவேயில் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். அந்தப் பாட்டுகளிலும் வரிக்கு வரி லார்ட் வரும். பெண்டாட்டி போய்விட்டாள், லார்ட். வேலை போய்விட்டது, லார்ட். மழை வந்தாலும் லார்ட், ரயில் போனாலும் லார்ட்.

இரண்டாம் வருஷம் ஒரு காலை, பாலம் ஏறும் இடத்தில், ரேடியோவில் ‘வெறும் பாத்திரம்’ வந்தது. மெட்டு அதே. வார்த்தைதான் வேறு. ஒருவன் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். லார்ட், அவள் என் வண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லார்ட், இந்தக் கிளாஸும் காலி. லார்ட், கடைக்காரனிடம் சொல், இன்னும் ஒன்று ஊற்றட்டும். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. ஜெபராஜ் அத்தானுக்குப் போன் போட்டேன். அத்தான் தூத்துக்குடிக்காரர். கப்பலில் வேலை பார்த்து, பிறகு ஹூஸ்டன் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டராகச் சேர்ந்தவர். அவர் மனைவி எஸ்தர் அக்கா எனக்குத் தூரத்துச் சொந்தம். இன்ஜினியரும் டாக்டருமாக நிறைந்த கூடத்தில் அத்தான் ஒருவர்தான் கையில் தீக்காயத் தழும்போடு கடைசி வரிசையில் உட்காருவார். அண்ணாச்சி அவரை ‘நம்ம வெல்டிங் தம்பி’ என்பார், அத்தான் தன்னைவிட மூன்று வயது மூத்தவர் என்று தெரிந்தும்.

"இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்றார் அத்தான். "அவரு முதல் தடவை பாடுனப்பவே நான் பார்க்கிங் லாட்டுக்கு ஓடிட்டேன், சிரிப்பு அடக்க முடியாம. அந்த மாப் தாத்தாட்டயும் போய்க் கேட்டேன். மூஞ்சி செவந்துட்டு. பாஸ்டர்ட்ட சொல்லிராதப்பான்னு கையைப் பிடிச்சிக்கிட்டாரு."

"அண்ணாச்சிட்ட சொல்லிருவோமா?"

"ஏட்டி, வேண்டாம். சொன்னா நிப்பாட்டிருவாரு. அந்தக் கூடத்துல பாடுறதுலயே உருப்படியான மெட்டு அது ஒண்ணுதான். அதையும் கெடுக்காத. ரெண்டு பாட்டுலயும் கேக்கிறது என்ன? ரீஃபில்தானே?"

அப்படித்தான் அது அத்தான், அக்கா, நான் என்று எங்கள் மூன்று பேரின் ரகசியமாக நாலைந்து வருஷம் இருந்தது. அண்ணாச்சி கீபோர்டில் தனக்குத் தெரிந்த அந்த ஒரே தாளத்தை அழுத்துவார், ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு என்று. மற்ற பாட்டுக்கெல்லாம் வாயை மட்டும் அசைக்கும் அத்தான் அதற்கு மட்டும் தொண்டையைத் திறந்து பாடுவார்.

அத்தானுக்கு இந்தப் பாட்டுகள்மேல் அப்படி ஒரு பைத்தியம். ஒரு சொட்டு குடித்ததில்லை. "அதுல வேலை செய்யிறவன் பேசுதான்மா" என்பார். "கை வலிக்குன்னு சொல்லுதான். வீட்டு ஞாபகம் வருதுன்னு சொல்லுதான். நம்ம சினிமாவுல வெல்டர் பாடி எங்கயாவது பார்த்திருக்கியா?" அவருடைய பழைய பிக்கப் முழுக்க கேசட். பட்டறை நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டுகளின் ஊர் பேரெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. பிடில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரன் கொண்டுவந்தது. அந்த அழுகிற இழுப்பு ஹவாய்த் தீவில் கம்பிமேல் இரும்பை வைத்து இழுத்துப் பழகியது. டெக்சாஸில் ஜெர்மன்காரனும் செக் நாட்டுக்காரனும் அக்கார்டியனைச் சேர்த்தான். ஞாயிறு காலை சர்ச்சில் பாடிய மெட்டையே சனிக்கிழமை மதுக்கடையிலும் பாடினார்கள், வார்த்தையை மட்டும் மாற்றி. ‘பெண்டாட்டி கெட்டவள்’ என்று ஒருவன் பாடினால், அதே மெட்டில் ‘நீ மட்டும் என்ன யோக்கியம்’ என்று ஒரு பெண் பதில் பாட்டு போடுவாளாம். எஸ்தர் அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அண்ணாச்சி சுத்தம் சுத்தம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டது இந்தக் கலப்படத்தைத்தான். ஒரு நாளும் அவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அந்தத் தாத்தாவிடம் "இது என்ன பாட்டு?" என்று இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

ஒருமுறை அத்தான் தன் கிடாரைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றை விரலில் மாட்டி, ‘வெறும் பாத்திர’த்துக்கே ஒரு இழுப்பு இழுத்தார். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி ஒரு கண்ணை மூடினார்.

"தம்பி, நிறுத்துங்க. இது சாராயக்கடை இழுப்பு. இந்தப் பாட்டுல போயி இதைக் கலக்கலாமா?"

அத்தான் "சரி அண்ணாச்சி" என்று கிடாரைப் பெட்டியில் வைத்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு எங்கே பிறந்ததோ அந்த ஊர்க் குரலிலேயே அவர் வாசித்தார். அதை வெளியே அனுப்பினார்கள். அதன்பிறகு அத்தான் கிடாரைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் அத்தானுக்கு நுரையீரலில் கட்டி. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். கடைசி வாரத்தில் அக்காவிடமும் என்னிடமும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடக்கத்துக்கு அந்தப் பாட்டைப் போடுங்க. அண்ணாச்சி வார்த்தை வேண்டாம். ஒரிஜினல் கேசட்டு. ஷிப்யார்டுப் பயலுவளும் வருவானுவ. அவனுவளுக்கும் புரியணும்லா?"

அக்கா சரி என்றாள். எழுதப் படிக்கச் சோம்பல் படுகிற அக்கா, அந்த ஒரு வாரத்தில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டின் இங்கிலீஷ் வார்த்தைகளை முழுசாகப் பாடம் பண்ணினாள்.

அத்தான் போன மறுநாள் அண்ணாச்சி அடக்க ஆராதனையை ஒழுங்கு பண்ண அக்காவின் அபார்ட்மென்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்துக்கொண்டார். அக்கா கேசட்டை எடுத்து நீட்டினாள்.

"அண்ணாச்சி, இது அவுக ஆசை. மூணு நிமிஷந்தான். ஒரு பாட்டு."

"என்ன பாட்டு?"

அக்காவுக்குப் பொய் வராது. "கன்ட்ரி" என்றாள்.

அண்ணாச்சி கேசட்டைக் கையில்கூட வாங்கவில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எம்மா, உங்களுக்கு இப்ப மனசு சரியில்லை. அதனால நான் சொல்லுதேன். மனுஷன் கர்த்தர்ட்ட போயிருக்கான். அவனை வழியனுப்பப் போயி குடிகாரன் பாட்டா? தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கலாம். நாம அதை வெளிய காட்டிக்கக் கூடாது."

குடிக்கிற பழக்கம் என்கிறார். பெண்டாட்டியிடம், பிணம் இன்னும் அடக்கம் ஆகாதபோது. அன்றைக்கு அவரை வெறுத்த மாதிரி நான் என் வாழ்நாளில் யாரையும் வெறுத்ததில்லை. "அண்ணாச்சி, உங்க வெறும் பாத்திரம் எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் கையை அழுத்தினாள். அப்புறம் அவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அப்ப நீங்க சொல்லுறதே சரி அண்ணாச்சி. கேசட்டு வேண்டாம். உங்க வெறும் பாத்திரத்தையே பாடிருங்க. அவுகளுக்கும் அது உசுரு" என்றாள்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்தார். "எல்லா சரணமும் பாடிருவோம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் போனபிறகு அக்கா என்னிடம், "மெட்டாவது அவுகளோட போகட்டும்டி. வார்த்தையை நான் மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

சனிக்கிழமை அடக்கம். பட்டறையிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். துவைத்த ஜீன்ஸ், இஸ்திரி போட்ட சட்டை, மடியில் தொப்பி. இரண்டு மணி நேரத் தமிழ் ஆராதனையை ஒரு வார்த்தை புரியாமல், நகராமல் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் அண்ணாச்சி தாளத்தை அழுத்தினார். ஒண்ணு ரெண்டு மூணு. ‘தேவா, வெறும் பாத்திரம் நான்’ என்று எங்கள் கூட்டம் எழுந்து நின்று பாடியது.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் சந்தேகமாக நெற்றியைச் சுருக்கினான். இரண்டாவது சரணத்தில் அவர்களில் மூத்தவர், வெள்ளைத் தாடிக்காரர், மெதுவாக எழுந்து நின்றார். ‘தேவா’ என்று நாங்கள் இழுத்த இடத்தில் அவர் ‘லார்ட்’ என்று இழுத்தார். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் எங்களை நிரப்பச் சொல்லிக் கடவுளைக் கேட்டோம்; அவர்கள் கடைக்காரனை இன்னும் ஒன்று ஊற்றச் சொன்னார்கள். ஆறு பேர் கண்ணிலும் தண்ணீர். அந்தச் சவப்பெட்டிக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அத்தான் கேட்ட ஒரிஜினல் கேசட்டில் வரவில்லை, நேரிலேயே வந்துவிட்டது.

முடிந்ததும் தாடிக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "‘எங்க சர்ச்ல இதைப் பாடுவோம்’னு உங்க வீட்டுக்காரர் எப்பவும் சொல்லுவார், மேடம். நாங்க ஒருநாளும் நம்பினதில்லை" என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அண்ணாச்சி கீபோர்டின் வயரைச் சுற்றிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போதாவது உறைத்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அந்த இரக்கத்தை நான் வீணாக்கினேன்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"போன சனிக்கிழமை நீங்களே பார்த்தீய. நம்ம தமிழ்ப் பாட்டு வெள்ளைக்காரன் வாயில ஏறிட்டு! இந்த சர்ச்லேருந்து யாரோ கேட்டு, இங்கிலீஷ்ல டிரான்ஸ்லேட் பண்ணி, ஊரெல்லாம் பாட விட்டிருக்கான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா ஒண்ணு. என்ட்ட ஒரு வார்த்தை பெர்மிஷன் கேட்டிருக்கலாம். மெட்டு என் மெட்டுல்லா? திருடுனா திருட்டுத்தானே?"

மூன்றாவது வரிசையில் எஸ்தர் அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அத்தான் போன பிறகு அக்கா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணாச்சிக்கு அது அழுகையாகத் தெரிந்தது. கையை உயர்த்தி, கருணையோடு சொன்னார்:

"அழாதீய, சகோதரி. நான் அவங்களை மன்னிச்சிட்டேன்."

பிறகு தாளத்தை அழுத்தினார். எல்லோரும் எழுந்து நின்றோம். அக்கா தலைப்பை எடுத்துவிட்டு, அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். வண்டியை எடுத்துக்கொண்டு போன பெண்டாட்டியையும், காலியான கிளாஸையும், இன்னும் ஒன்று ஊற்ற வேண்டிய கடைக்காரனையும் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் பாடினாள். அண்ணாச்சி ஒரு கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டே, அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வரிக்கு வரி லார்ட் வந்தது. அவருக்கு அது போதும்.